நின்ற இடம் மாறிய படம்

அந்த 'அன்றும் இன்றும்' படத்தை நேற்றிலிருந்து எத்தனை பேர் பகிர்ந்துவிட்டீர்கள்! பெங்களூர் காமராஜ் ரோடு, மெட்ரோ வேலைக்கு முன்னும் பின்னும். இடப்பக்கம் நெரிசல், வலப்பக்கம் அகலமான காலிச் சாலை. கீழே "அப்பாடா, சுத்தமாச்சு" என்று வரிசையாகப் பாராட்டு. மனசு ஆறவில்லை. அந்த இரண்டும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களே இல்லை.

இடப்பக்கம், தூரத்தில் நின்று ஜூம் போட்டு எடுத்தது. விலகிப் போகப் போக, முன்னால் இருக்கும் தள்ளுவண்டிக்கும் பின்னால் வரும் ஆட்டோவுக்கும் அளவு வித்தியாசம் குறைந்துவிடும். ஐம்பதடி இடைவெளி இருந்தாலும் ஒட்டி நிற்பதுபோலத் தெரியும். வலப்பக்கம், நடுரோட்டில் நின்று போனின் 0.5 அகலக் கோணத்தில் எடுத்தது. காலடித் தார் மைதானமாக விரிகிறது. லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். எவ்வளவு உள்ளே வரும் என்பதைத்தான் லென்ஸ் தீர்மானிக்கும். எது பெரிது, எது சிறிது என்பது நின்ற இடத்தைப் பொறுத்தது. நின்ற இடம் மாறினால் அது ஒப்பீடே இல்லை.

"போனில் எடுக்கிறவனுக்கு இவ்வளவு கணக்கா?" என்று கேட்பீர்கள். போன் போதும். பழைய படத்தில் முன்னால் ஒரு தூண், அதன் பின்னால் தூரத்தில் ஒரு ஜன்னல் விளிம்பு என்று ஒரு ஜோடியைப் பிடியுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் வரும்வரை இடம் வலமாக நகருங்கள். படத்தின் மறுபக்கத்தில் இன்னொரு ஜோடி எடுத்து, முன்னும் பின்னும் நகர்ந்து சரிபாருங்கள். இரண்டு ஜோடியும் பொருந்தினால் கால் வைத்த இடம் அதுதான். போனை அண்ணாந்து பிடிக்காதீர்கள், கட்டடங்கள் பின்னால் சாயும். கேமராத் திரையில் வரும் கட்டக் கோடுகளை வைத்து நேராகப் பிடியுங்கள். கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால் "எந்தக் கடைப் படி, எத்தனையாவது தூண்" என்று எழுதியும் வையுங்கள்.

வெயிலும் பொய் சொல்லும். பெங்களூரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். டிசம்பரில் பளிச்சென்றிருந்த தெற்கு பார்த்த முகப்பு, ஜூன் மதியத்தில் நிழலில் கிடக்கும். பழைய படம் மே 20-இல் எடுத்தது என்றால், அந்தச் சூரியன் ஜூலை 24 வாக்கில் அதே பாதைக்குத் திரும்பினாலும், ஜூலையில் இங்கே மேகம். அடுத்த மே மாதம்வரை காத்திருப்பதுதான் வழி.

"அப்போ மெட்ரோவே வேண்டாமா?" வேண்டும். பேச்சு அதுவல்ல.

பேச்சு அந்தத் தள்ளுவண்டிக்காரரைப் பற்றியது. 2019-இல் மெட்ரோ வேலைக்காக மூடிய ரோடு, ஒரு பக்கம் திறக்க 2024 ஆனது. அந்த ஐந்து வருடம் தகரத் தடுப்புக்குப் பின்னால் கடை நடத்தியவர்கள் இந்த இரண்டு படங்களிலும் இல்லை. முதல் படத்தில் அவர்கள் நெரிசல், இரண்டாவதில் வெறும் இடம். நடுவில் ஒரு தடுப்புப் படம்கூட வைக்கத் தோன்றவில்லையே! இந்த ரோடு வழியாகக் கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைவீதிக்கு நடந்தே போன நமக்குமா இது உறுத்தவில்லை?

2019-க்கு முந்தைய காமராஜ் ரோடு படம் வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள், மங்கலாக இருந்தாலும் சரி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதி அழிந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அச்சுப் படம் என்றால் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ அங்கேதான் இருக்கும்.