விருப்ப மாறுதல், கைக்காசு செலவு

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான மாறுதல் கலந்தாய்வில் ஆணை வாங்கிய அன்று மாலையே ஆசிரியர் வீட்டில் ஆரம்பிக்கிற பேச்சு, அட்வான்ஸுக்குப் பணம் எங்கே புரட்டுவது என்பதுதான்.

இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். தாலுகா ஊரில் வாடகை 7,000 என்று வையுங்கள். ஐந்து மாத அட்வான்ஸ் 35,000, முதல் மாத வாடகை 7,000, புரோக்கருக்கு ஒரு மாதம் 7,000. சாமான் ஏற்ற குட்டி யானை வருவதற்கு முன்பே 49,000 போயாச்சு. பழைய வீட்டு அட்வான்ஸ் உடனே வருமா? "அடுத்த ஆள் வரட்டும் சார்" என்பார் வீட்டுக்காரர். வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையையும் பிடித்துக்கொள்வார். ஆக ஒரே நேரத்தில் இரண்டு வீட்டு அட்வான்ஸ் முடங்கிக் கிடக்கும்.

அந்த மாதம் பார்த்துத்தான் சம்பளமும் தாமதமாகும். பழைய அலுவலகம், அரசின் சம்பள மென்பொருளான களஞ்சியத்தில் பணிவிடுப்பு (அங்கிருந்து விடுவித்தது) பதிவு செய்து, கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கான சான்றான எல்பிசியை அனுப்பாதவரை, புது அலுவலகம் சம்பளப் பட்டியலில் பெயர் ஏற்ற முடியாது. பட்டியல் போட்ட பிறகு சேர்ந்தால் அடுத்த மாதம் நிலுவையாகத்தான் வரும். பணிவிடுப்பு பெறும் நாளிலேயே எழுத்தரிடம் உட்கார்ந்து இரண்டையும் முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

வீட்டு வாடகைப் படி விஷயம் இன்னும் வருத்தம். தமிழக அரசு அதைப் பள்ளி இருக்கும் ஊரின் வகையை வைத்துத் தருகிறது. குக்கிராமப் பள்ளிக்குக் கடைசி அடுக்கு. ஆனால் அந்த ஊரில் வாடகைக்கு வீடே இருக்காது. ஆசிரியர் டவுனில் டவுன் வாடகை கொடுத்துக் குடியிருந்து, தினமும் பெட்ரோலும் போட்டுப் போகிறார். கணவன் ஒரு மாவட்டம், மனைவி ஒரு மாவட்டம் என்றால் இரட்டைக் குடித்தனம் வேறு.

மத்திய அரசில் நிர்வாக மாறுதலுக்கு, வீடு மாறினால் அடிப்படை ஊதியத்தில் 80 சதவீதம் மாறுதல் மானியம் உண்டு. 35,400 வாங்குபவருக்கு 28,320 ரூபாய். அங்கேயும் சொந்த விருப்பத்தில் மாறினால் கிடையாது. நம் ஊர்க் கலந்தாய்வு மாறுதலும் விருப்ப மாறுதல் என்றே பதிவாவதால் செலவு முழுக்க ஆசிரியர் தலையில். 300 கிலோமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டு, பல வருடம் கழித்து வயதான பெற்றோரிடம் திரும்பி வருவதை விருப்பம் என்று எழுதுவது நியாயமே இல்லை. குறைந்தபட்ச ஆண்டுகள் தொலைதூரத்தில் பணி செய்தவரின் முதல் மாறுதலையாவது நிர்வாக மாறுதலாகக் கணக்கிட வேண்டும். சேரும்போது வட்டியில்லா முன்பணம் கொடுத்து, 20 தவணையில் பிடித்துக்கொள்ளலாம். இதைச் சங்கங்கள் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை வாடகை ஒப்பந்தத்தில் கவனமாக இருங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பத்து மாதம் என்று எழுதி நீட்டினால் அங்கேயே பேசிக் குறையுங்கள். "பணி மாறுதல் ஆணை வந்தால் ஒரு மாத நோட்டீஸ், சாவி கொடுக்கும் நாளில் அட்வான்ஸ் திருப்பம்" என்ற வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். வெள்ளையடிக்கும் பிடித்தம் எவ்வளவு என்பதையும் எண்ணில் எழுத வேண்டும். குடிபோகும் நாளில் கரண்ட் மீட்டர் ரீடிங், சுவரின் ஓதம், உடைந்த குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.