அந்த வீடியோவில் ஆடுகிறவர் ஒரு கலைஞர்

இரண்டு நாளாக எல்லாரும் பகிர்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் அந்த வீடியோவைப் பற்றித்தான் சொல்கிறேன். பீகார் கல்யாணத்தில் சேலை கட்டி ஆடும் ஆண். "வடக்கன் ஊர்ல பொண்ணுக்குப் பஞ்சம் போல" என்று மேலே ஒரு வரி வேறு. என் நட்பு வட்டத்திலேயே எத்தனை சிரிப்புக் குறிகள்! அதில் இரண்டு பேர் மேடை நாடகம் போடுகிறவர்கள். அதைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அது லவுண்டா நாச். போஜ்புரி பேசும் மாவட்டங்களின் கூத்து. ஆண்கள் பெண் வேஷம் கட்டி ஆடுவார்கள், பாடுவார்கள், விடிய விடிய நாடகமும் நடத்துவார்கள். ஆடுகிறவர் கலைஞர். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

பிக்காரி தாக்கூர் என்று ஒருவர். பீகாரின் சாரண் மாவட்டம் குதுப்பூரில் 1887-இல் பிறந்தவர். நாவிதர் சாதி. பிழைப்பு தேடி கரக்பூர் வரை போனவர், ஊர் திரும்பி நாச் குழு சேர்த்தார், நாடகங்கள் எழுதினார். அவருடைய 'பிதேசியா' நாடகத்தில் கணவன் கல்கத்தாவுக்குப் பிழைக்கப் போய் அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். ஊரில் பியாரி சுந்தரி காத்துக் கிடக்கிறாள். வழிப்போக்கன் ஒருவன் அவள் சேதியைக் கொண்டுபோகிறான். 'பேட்டி பேச்வா', காசுக்காக மகளைக் கிழவனுக்குக் கட்டிவைக்கும் அப்பனைப் பற்றியது. பெண்ணின் துயரத்தை ஊர் நடுவில் நிறுத்திப் பேசிய நாடகங்கள் இவை. பேசியவர்கள் சேலை கட்டிய ஆண்கள்.

பிக்காரி தாக்கூர் குழுவில் சிறுவனாகச் சேர்ந்தவர் ராம்சந்திர மாஞ்சி. தலித். தொண்ணூறு வயதுக்கு மேலும் சேலை கட்டி மேடையேறினார். 2017-க்கான சங்கீத நாடக அகாதமி விருதும் 2021-இல் பத்மஸ்ரீயும் அவருக்குக் கிடைத்தன. 2022 செப்டம்பரில் காலமானார். நீங்கள் சிரித்தது இந்த வரிசையில் வருகிற ஒருவரைப் பார்த்து.

வங்கி வேலையில் அதே சாரண் மாவட்டத்துச் சப்ரா பக்கம் இருந்தபோது, கூட வேலை பார்த்தவரின் தம்பி கல்யாணத்துக்குப் போனேன். பந்தலுக்குப் பின்னால், வேன் கண்ணாடியில் முகம் பார்த்து ஒருவர் தாடையை மறுபடி மழித்துக்கொண்டிருந்தார். பவுடர் வியர்வையில் கரைய, துடைத்துவிட்டு மறுபடி பூசினார். சலங்கை கட்டும் இடத்தில் தோல் கறுத்துக் காய்ப்பேறியிருந்தது. முன்வரிசையில் குடித்துவிட்டு ஒருவன் பத்து ரூபாய் நோட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு அவரை இழுத்தான். சிரித்த முகம் மாறாமல் கையை விலக்கிவிட்டு அடுத்த அடிக்குப் போனார். நள்ளிரவுக்குமேல் ஆர்மோனியமும் டோலக்கும் நிதானமாக, பியாரியின் புலம்பலைப் பாடினார். மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பாதிப் பேர் வீட்டு ஆண்கள் டெல்லியிலும் பஞ்சாபிலும் வேலையில் இருந்தார்கள்.

"ஆபாசமாக ஆடுகிறார்களே" என்பீர்கள். ஆடுகிறார்கள்தான். அப்படி ஆடச் சொல்லிக் காசு வீசுகிறவன் யார்? கல்யாணத்தில் துப்பாக்கியைத் தூக்கி வானத்தில் சுடுகிறவன் யார்? அவனைக் கேட்காமல், கூலிக்கு ஆடுகிறவரிடம் ஒழுக்கம் கேட்பது என்ன நியாயம்?

"பெண்ணை மேடையேற விடாததால் வந்த கலைதானே" என்று ஒரு தோழி கேட்டார். சரியான கேள்வி. ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே அதை யாரும் கேட்கவில்லையே.

"நம் கூத்தைப் பார், பிறகு பீகாருக்குப் போ" என்றும் ஒருவர். நம் கூத்தில் திரௌபதியாக நிற்பவர் யார் ஐயா? காலங்காலமாக ஆண்தானே? அவர் துகில் பிடித்து அழும்போது கையெடுத்துக் கும்பிடுகிறோம். சப்ராக்காரன் அதே வேலையைச் செய்தால் மட்டும் கேலியா? இங்கே கலை, அங்கே கூத்தடிப்பா?

உண்மையில் கேலி ஆட்டத்தைப் பற்றியதே இல்லை. 'வடக்கன்' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு சிரிப்பும். நம் கட்டடத்தில் செங்கல் சுமக்கிறவன், நாம் சாப்பிடும் ஓட்டலில் தட்டு கழுவுகிறவன், அவன் வீட்டுக் கல்யாணம் நமக்கு வேடிக்கை. பிக்காரி தாக்கூர் எழுதியது இவன் கதையைத்தான், அன்று கல்கத்தா, இன்று திருப்பூர். ஊரில் இவனுக்காகக் காத்திருக்கும் பெண் நமக்குத் தெரியாது. அவள் அழுகையைப் பாடுகிறவரையாவது விட்டுவைக்கலாம்.

"பீகாரிகளுக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று எழுதுவீர்கள், எழுதுங்கள். நான் அங்கே சோறு தின்றவன். மொழி தெரியாமல் நின்ற எனக்குத் தட்டில் இடம் கொடுத்த ஊர் அது.

அந்த இரண்டு நாடகக்கார நண்பர்களுக்கும் உள்பெட்டியில் எழுதினேன். ஒருவர் பதிலே சொல்லவில்லை. இன்னொருவர் "ஜாலிக்குத்தானே தோழர், விடுங்க" என்றார். விட முடியவில்லை தோழர். நீங்களே முகத்தில் அரிதாரம் பூசுகிறவர். அந்தப் பதிவை நீக்குங்கள்.