135 என்பது பேட்டர்சன் சொன்ன எண்ணிக்கை

1898இல் கென்யாவின் சாவோ பகுதியில், உகாண்டா ரயில் பாதை போட்டவர்களைத் தின்ற இரண்டு சிங்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவை 135 பேரைத் தின்றதாக அதில் உள்ளது. அது அங்கே ரயில் பாலம் கட்டிய பொறியாளர் பேட்டர்சன் பிற்காலத்தில் சொன்ன கணக்கு. சிங்கங்களுக்கு இரையானதாக ரயில்வே பதிவில் இருந்தவர்கள் 28 இந்தியத் தொழிலாளர்கள். இறந்த ஆப்பிரிக்கர்களை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. சிங்கங்களின் எலும்பு, ரோமத்தில் உள்ள ஐசோடோப்புகளை (தின்ற உணவு எது என்று காட்டும் அணு வகைகளை) வைத்து 2009இல் வெளியான ஆய்வு சுமார் 35 பேர் என்கிறது. அதிலும் ஒரு சிங்கம் மட்டும் 24 பேர்.

ஏன் மனிதரைத் தேடியது? அந்தச் சிங்கத்தின் மண்டையோடு சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழ்த்தாடையின் வலது கோரைப்பல் முறிந்து, வேரடியில் சீழ் கட்டியிருக்கிறது. அந்த வாயோடு வரிக்குதிரையின் கழுத்தைக் கவ்விப் பிடிப்பது கடினம். 1890களில் வெக்கை நோய் என்ற கால்நடைத் தொற்று எருமைகளையும் மாடுகளையும் அழித்ததும் சேர்ந்துகொண்டது.

பேட்டர்சன் வைத்த கூண்டுப் பொறியைக் கட்டுரை விட்டுவிட்டது. இரண்டு அறைகள், நடுவே தண்டவாளத் துண்டுகளாலான கம்பித் தடுப்பு, மூன்று அங்குல இடைவெளியில். பின்னறையில் துப்பாக்கியோடு சிப்பாய்கள்தான் இரை. சிங்கம் உள்ளே வந்தது, கதவும் விழுந்தது. பதற்றத்தில் சுட்ட குண்டொன்று கதவின் கம்பியையே உடைக்க, சிங்கம் தப்பியது.

1898 டிசம்பரில் இரண்டும் சுடப்பட்டன. ஆனால் அந்த ரயில் பாதை முழுவதும் இறந்த இந்தியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2,500 பேர். பெரும்பாலோரைக் கொன்றது மலேரியா, வயிற்றுக்கடுப்பு போன்ற நோய்கள். அவர்களைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்க வேண்டும்.