ஆமாம், கொசு அடிக்கத்தான்

சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் எடுத்துப் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்தீர்கள். அக்கா மகள், தனக்கென்று சொல்லிச் செய்த 7×57 மௌசர் வேட்டை ரைஃபிளோடு நிற்கிறாள். தோட்டா சின்னதாம். "கொசு அடிக்கவா?" என்று ஒருவர். "பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும்" என்று இன்னொருவர். சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. சந்தோஷம்.

ஒரே விஷயம்தான் சொல்ல வருகிறேன். கண்ணை மூடாமல், தோளை இழுக்காமல் சுட முடிகிற தோட்டாதான் உங்களுக்கான தோட்டா. மிச்சமெல்லாம் வாய்ப்பந்தல்.

கணக்கு வேண்டுமா? 3.6 கிலோ ரைஃபிளில் 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டு போட்ட 7×57, சுடும்போது தோளில் சுமார் 17 ஜூல் உதைக்கும். .300 வின்செஸ்டர் மேக்னம் என்கிற பெரிய தோட்டா கொஞ்சம் கனமான ரைஃபிளிலேயே 35 ஜூலைத் தொடும். இரண்டு மடங்கு! அதை வாங்கிக்கொள்ளப் போவது உங்கள் தோள் இல்லை, அவள் தோள். நூறு, நூற்றைம்பது மீட்டரில் நிற்கிற இம்பாலா மானுக்கு அந்த இரண்டாவது மடங்கு எதற்கு?

போன குளிர்காலத்தில் எங்களோடு வேட்டைக்கு வந்த ஒரு 'பெரிய கலிபர்' (பெரிய தோட்டா) அண்ணன் கதையைச் சொல்லட்டுமா? ட்ரிக்கரைத் தொடும் முன்பே கண் மூடிவிடும். ஸ்கோப் வளையம் புருவத்தைக் கிழித்து ரத்தம் மூக்கு வரை வழிந்தது. குண்டு போனது இம்பாலாவின் வயிற்றில். இருட்டும்வரை முள்ளுக்குள் ரத்தத்தடம் பார்த்து அலைந்தது தடம் பிடிக்கிற ட்ராக்கரும் நானும். அண்ணன் பக்கியில் (பிக்கப் வண்டியில்) உட்கார்ந்து புருவத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு சிரிப்புப் பொம்மைகூட யாரும் போடவில்லை.

"குழாய் முனையில் மஸில் பிரேக் போட்டால் உதை போய்விடுமே?" போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி விடுகிறது. பக்கத்தில் நிற்கிற ட்ராக்கரின் காது என்ன பாவம் செய்தது? அதனால்தான் துப்பாக்கிக் குழாய் முனையில் மரை போட்டு சைலன்சர் மாட்டினோம். உதையும் குறையும், சத்தமும் குறையும். தோளில் வைக்கிற மரக்கட்டையை அவள் கை நீளத்துக்கு வெட்டி, பின்னால் மெத்தென்ற ரப்பர் பேடு வைத்தோம். எடையையும் வேண்டுமென்றே குறைக்கவில்லை. அதே தோட்டாவுக்கு ரைஃபிள் கனக்கக் கனக்க உதை இறங்கும். வீட்டில் டம்மி தோட்டா போட்டு ட்ரிக்கர் பழகினாள். இதெல்லாம் படத்தில் தெரியாதுதான்.

"எலண்ட் வந்தால்?" நியாயமான கேள்வி. மாட்டளவு பெரிய அந்த மானுக்கு நான் பெரிய தோட்டாவைத்தான் எடுப்பேன். அவள் எலண்டுக்குப் போகவில்லை. "பிறகு பெரிய தோட்டாவுக்கான குழாயை மாற்றிக்கொள்ளலாமே" என்கிறவர்கள் இந்தத் தென்னாப்பிரிக்காவில்தான் இருக்கிறீர்களா? 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி குழாய்க்கே லைசென்ஸ் வேண்டும். ஒரு லைசென்ஸுக்கு நாம் படுகிற பாடு போதாதா?

7×57 என்றால் இளக்காரமா? பிரிட்டிஷாரோடு போரிட்ட போயர்கள் (இங்கே குடியேறிய டச்சு வம்சத்தார்) கையில் இருந்தது இதே தோட்டாதான். 1900 ஜனவரியில் ஸ்பியன்கோப் மலைச் சண்டையில் இது துளைத்தவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தவர்கள் காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையினர். ஒப்பந்தக்கூலிகளாக வந்த நம் ஆட்களும் அதில் இருந்தார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள், கொசுவா என்று.

உண்மையில் எனக்கு வலித்தது கலிபர் பேச்சு இல்லை. என் அப்பா காலத்தில் நம்மவருக்கு ரைஃபிள் லைசென்ஸ் குதிரைக்கொம்பு. வெள்ளைக்காரப் பண்ணையில் வேட்டை முடிந்ததும் இறைச்சி சுமக்கத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். இன்று அவர் பேத்தி தன் பெயரில் லைசென்ஸ் எடுத்து நிற்கிறாள். வாழ்த்து சொல்ல வராத வாய்க்கு 'பொம்பளைப் பிள்ளை' மட்டும் எப்படி வருகிறது? பையன் அதே ரைஃபிளோடு நின்றிருந்தால் "கிளாசிக் தம்பி" என்றிருப்பீர்கள்.

அவள் அந்தக் கமெண்ட்டுகளைப் பார்த்துவிட்டுப் படத்தை நீக்கச் சொன்னாள். நீக்க மாட்டேன். இனி அங்கே கலிபர் பேச வருகிறவர்கள் முதலில் தங்கள் டார்கெட் பேப்பரைப் போடுங்கள். இல்லையென்றால் கமெண்ட்டை நானே தூக்கிவிடுவேன், மாமா மச்சான் என்று பார்க்க மாட்டேன்.