கடுகைத் தேடுகிறோம், பூசணிக்காயை விட்டுவிடுகிறோம்

தண்ணீர்ச் சிக்கனம் என்று பேச்சு வந்தாலே வீட்டில் முதலில் திட்டு வாங்குவது குழந்தைகள்தான். டம்ளரில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனால் விடமாட்டோம். அந்தப் பாதி டம்ளர் 100 மில்லி இருக்கும். திட்டி முடித்துவிட்டு நாமே கழிப்பறைக்குப் போய்ப் பழைய ஃப்ளஷ் டேங்கை அழுத்துகிறோம். ஒரே அழுத்தில் 10 லிட்டர் போகிறது, அதாவது நூறு பாதி டம்ளர். கடுகு போன இடத்தைத் தடவுகிறவனுக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்களே, அதுதான் நடக்கிறது.

எந்தப் பழக்கத்துக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் பழக்கத்தை மாற்றுங்கள் என்பதுதான் என் கருத்து. தெரியாமல் எல்லாவற்றிலும் கெடுபிடி செய்தால் வீடே சீக்கிரம் அலுத்துப்போய்ப் பழையபடி ஆகிவிடும்.

அளப்பது கஷ்டமே இல்லை. ஒரு லிட்டர் மக்கைக் குழாயடியில் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். 6 விநாடி என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர். பாத்திரம் தேய்க்கிற பத்து நிமிடமும் அந்தக் குழாய் ஓடினால் 100 லிட்டர். சோப்பு போட்டுத் தேய்க்கும்போது தண்ணீருக்கு அங்கே வேலையே இல்லை, அலசும்போது திறந்தால் போதும். ஷவர் கணக்கும் இதேதான். பத்து நிமிடம் நின்றால் 100 லிட்டரை நெருங்கிவிடும். வாளியில் மொண்டு குளித்தால் 20 லிட்டரில் முடிந்துவிடும். ஷவரை விட மனமில்லை என்றால் சோப்பு போடும் நேரமாவது மூடிவையுங்கள். (வீட்டில் ஒருவர் மட்டும் கணக்குப் பார்த்து, மற்றவர்கள் திறந்துவிட்டுப் போனால் பயனில்லை. பெரும்பாலும் அந்த ஒருவர் சமையலறையில் நிற்பவராகவே இருப்பது எனக்கு வருத்தம்.)

சொட்டுகிற குழாயையாவது காதில் விழுவதால் சரிசெய்கிறோம். விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் ஒரு நாளில் 20 லிட்டருக்கு மேல் போய்விடும். ஃப்ளஷ் டேங்கின் கசிவு காதிலும் விழாது, கண்ணிலும் படாது. அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துபோனால் தண்ணீர் பீங்கானின் ஓரமாக மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், மேலே மிதவை அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். மோசமான கசிவென்றால் ஒரு நாளில் சில நூறு லிட்டர் கூடப் போகலாம். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்து உணவுக்குச் சேர்க்கும் நிறத்தைச் சில சொட்டு விடுங்கள். இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. அதன்பின் கீழே தேங்கியிருக்கும் தண்ணீரில் அந்த நிறம் தெரிந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். சின்ன வேலைதான்.

பழைய பெரிய டேங்க் என்றால் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடி, மிதவையில் இடிக்காதபடி உள்ளே வையுங்கள். ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் வேண்டாம், அது கரைந்து உள்ளே அடைத்துக்கொள்ளும். புதிதாக வாங்குகிறவர்கள் 3 லிட்டர், 6 லிட்டர் என இரண்டு பொத்தான் உள்ளதை வாங்குங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைப் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். அதில் உப்பு அதிகம் என்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள்.

உலகில் எடுக்கப்படும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகும்போது நான் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கிறார்கள். விவசாயத்திலும் தொழிற்சாலையிலும் சிக்கனம் வேண்டும்தான், அதைக் கேட்டுப் போராடவும் வேண்டும். ஆனால் ஒரு ஊரின் அணை வற்றும்போது வீட்டுக் குழாயின் கணக்கு எவ்வளவு பெரிதென்று தெரிந்துவிடும். 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. குளியலை இரண்டு நிமிடத்தில் முடித்தார்கள், குளித்த தண்ணீரைப் பிடித்துக் கழிப்பறையில் ஊற்றினார்கள். குழாய்களை மொத்தமாக மூடும் நாள் என்று அஞ்சிய அந்த நாள் வராமலே போனதில் மக்களின் சிக்கனத்துக்குப் பெரிய பங்கு உண்டு, பிறகு பெய்த மழைக்கும் உண்டு. அணை வற்றிய பிறகு பயத்தில் செய்ததை, தண்ணீர் இருக்கும்போதே நாம் நிதானமாகச் செய்யலாம்.

இன்று இரவு படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் யாரும் தண்ணீர் எடுக்காமல் இருந்து, காலையில் முதல் ஆள் குழாயைத் திறப்பதற்குள் எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. தேடலை ஃப்ளஷ் டேங்கிலிருந்து தொடங்குங்கள்.