ஃபீல் வரலையாம்

வியாழக்கிழமை பதிவைப் படித்தவர்களுக்குக் கதை தெரியும். மறுபடி முழுசாகச் சொல்லப்போவதில்லை. இசையமைப்பாளர் தரப்பில் கேட்டு வாங்கிய என் பாட்டை, காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். நான் அங்கே கொஞ்சம் புலம்பியதற்கு நண்பர் ஒருவர் வந்து, "நிராகரிப்பைத் தாங்கத் தெரியாதவர்கள் பாட்டெழுத வரக்கூடாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு எழுபது பேருக்கு மேல் இதயம் விட்டிருக்கிறீர்கள். அதில் நான்கு பேர் என்னோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ரொம்ப சந்தோஷம்.

பாட்டை வேண்டாம் என்று சொன்னதற்கு நான் கோபப்படவில்லை ஐயா. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஏன் வேண்டாம் என்று ஒரு வரி சொல்லுங்கள் என்கிறேன். அவ்வளவுதான். "அண்ணா, நல்லாருக்கு, ஆனா ஃபீல் வரல" என்று அவர்கள் சார்பில் என்னோடு பேசுகிற தம்பி அனுப்பினான். இதை வைத்துக்கொண்டு நான் என்ன திருத்துவது?

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரும்பாலும் ட்யூன்தான் முதலில் வரும். இசையமைப்பாளர் 'தன்னன தானா' என்று முனகியது ஒரு வாய்ஸ் ஃபைலாக வாட்ஸ்அப்பில் வந்து விழும். பின்னால் மின்விசிறி ஓடும் சத்தம்கூடக் கேட்கும். அந்தத் தத்தகாரத்துக்குள் நாம் வார்த்தையை உட்கார வைக்க வேண்டும். நெடில் வரவேண்டிய இடத்தில் குறில் வந்தால் பாடகர் திணறுவார். அப்படிப் பதினோரு நாளில் ஏழு பல்லவி எழுதினேன். முதல் பல்லவிக்கு "கொஞ்சம் லைட்டா வேணும்" என்றார்கள். இரண்டாவதற்கு "வெயிட் பத்தல" என்றார்கள். மூன்றாவது யூத்துக்குப் புரியாதாம். ஏழாவதற்குத்தான் ஃபீல் வரவில்லை.

எங்கள் அப்பா கிருஷ்ணகிரியை ஒட்டிய காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்தவர். நான் பத்தாவது படித்த வருடம், ஆனி மாதம், பெங்களூரா மாங்காயை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில் ராத்திரி முழுக்க வரிசையில் கிடந்தோம். விடிந்ததும் ஒரு ஆள் வந்தார். லோடில் கைவிட்டு ஒரு பழத்தை உருவி, அறுத்து, ஒரு சொட்டுச் சாறைச் சின்னக் குழாய் மாதிரி இருந்த கருவியின் கண்ணாடியில் விட்டு மூடி, வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணில் வைத்துப் பார்த்தார். "பிரிக்ஸ் பத்தலைங்க, 11தான் காட்டுது" என்றார். பிரிக்ஸ் என்றால் சாற்றின் இனிப்பு அளவு. அப்பா நம்பவில்லை. "நீங்களே பாருங்க கவுண்டரே" என்று கருவியை அப்பா கையிலேயே கொடுத்துவிட்டார். அப்பா பார்த்தார், நானும் பார்த்தேன். வட்டத்துக்குள் நீலமும் வெள்ளையுமாக ஒரு கோடு. லோடு திரும்பியது. வழியெல்லாம் அப்பா அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆனால் அடுத்த பறிப்பை ஐந்து நாள் தள்ளிப்போட்டார். அது எடுபட்டது.

ஒரு மாங்காய்க்குச் சொன்ன காரணத்தை என் பாட்டுக்கும் சொல்லுங்கள் என்கிறேன். இது பெரிய ஆசையா?

"அவர்களுக்கு நேரம் ஏது, எத்தனை பேர் அனுப்புவார்கள்" என்பீர்கள். நானாக அனுப்பியிருந்தால் பதிலே வேண்டாம், குப்பையில் போடட்டும். இது அவர்கள் கேட்டு நான் எழுதியது. ராத்திரி பதினொன்றரைக்கு "நாளைக் காலைல கிடைக்குமாண்ணா" என்று கேட்க நேரம் இருக்கிறது.

"தனக்கு என்ன வேண்டும் என்று இசையமைப்பாளருக்கே தெரியாது, காதில் விழுந்தால்தான் தெரியும்" என்று ஒருவர் இன்பாக்ஸில் சொன்னார். இது கொஞ்சம் நியாயம்தான். ஒத்துக்கொள்கிறேன். சரி, தெரியவில்லை என்றாவது சொல்லலாம் அல்லவா? ஏன் என் தலையில் ஃபீலைக் கட்ட வேண்டும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்தேன் என்பீர்கள். என் பாட்டில் குறை இருந்தது. 'மாந்தோப்பு நிழலிலே மறந்து வைத்த மனசு' என்பது அந்த ஏழாவது பல்லவியின் கடைசி அடி. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் அதை ட்யூனோடு பாடிப் பார்த்தாள். மூன்று தடவையும் அதே இடத்தில் மூச்சு முட்டியது. ட்யூன் மேலே போய் நான்கு தட்டு நிற்கிற இடத்தில் நான் 'சு'வை வைத்திருக்கிறேன். குற்றியலுகரம்! பெயரிலேயே குறுகல் இருக்கிறது, அதைப் போய் இழுக்கச் சொன்னால்? தமிழ் எம்.ஏ. படித்தவன் கோட்டை விட்டது இது. மனசை எடுத்துவிட்டு நிலாவை வைத்தேன். 'லா'வில் அவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. பத்து நிமிட வேலை. "கடைசி வார்த்தை இழுக்க வரல" என்று அந்தத் தம்பி நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஃபீல் வரலையாம்.

மெதுவாகத்தான் பேச வேண்டும் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. ஐந்தாவது பல்லவிக்கு "மண் வாசனை வேணும்ணா, நீங்க அந்தப் பக்கம்தானே" என்று அவர்களே கேட்டார்கள். களியும் கீரையும் வைத்து எழுதினேன். "களின்னா ஜெயில் களியாண்ணா?" என்று ஒரு சிரிப்பு பொம்மையோடு பதில் வந்தது. ராகிக் களி தின்று வளர்ந்த உடம்பு இது. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றாலே தண்ணியில்லாக் காடு என்று சிரித்துப் பழகியவர்களுக்கு எங்கள் சோறுகூட ஜோக்காகத்தான் தெரியும். 'பின்தங்கிய மாவட்டம்', 'பின்தங்கிய மாவட்டம்' என்று எத்தனை காலத்துக்கு? மண் வாசனை வேண்டும், ஆனால் மண் கையில் ஒட்டக்கூடாது.

இந்தத் தர்மபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர். இதே தகடூரில்தான் அதியமான் இருந்தான். மலையெல்லாம் தாண்டி அவனைப் பார்க்கப் போன சங்கப் புலவர் பெருஞ்சித்திரனாருக்கு, முகம் பார்க்காமலேயே பரிசைக் கொடுத்தனுப்பிவிட்டான். புறநானூற்றில் 208-வது பாட்டு. காணாமல் கொடுத்த பொருளை வாங்கிக்கொள்ள 'வாணிகப் பரிசிலன் அல்லேன்', நான் பரிசுக்காக வியாபாரம் பண்ணுகிறவன் இல்லை, என்று கோபித்துக்கொண்டார் புலவர். பார்க்காமல் கொடுத்ததற்கே அவ்வளவு கோபம். இவர்கள் பார்க்காமல் மறுக்கிறார்கள், நான் ஒரு பதிவு போட்டால் எனக்குத் தாங்கும் சக்தி இல்லையாம்.

"ராயல்டியெல்லாம் வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை" என்று கேட்ட அண்ணனுக்கும் ஒரு பதில். 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதில் பாட்டெழுதுகிறவனுக்கும் பங்கு வந்தது உண்மைதான், நல்லதுதான். அது பாட்டு வெளியே வந்தவனுக்கு அண்ணே. என் ஏழு பல்லவியும் அவர்கள் போனில் கிடக்கின்றன. அதற்கு எந்தச் சட்டத்தில் பங்கு கேட்பது?

அந்தத் தம்பி இந்தப் பதிவைப் படிப்பான் என்று தெரியும். போன பதிவுக்கு அவனும் ஒரு இதயம் விட்டிருந்தான், பாவம், அவனுக்கு மேலே யாரோ சொன்னதைத்தான் எனக்கு அனுப்பியிருப்பான். நிலா வைத்த பல்லவியை நேற்று ராத்திரியே அனுப்பிவிட்டேன் தம்பி. நீலக் குறி விழுந்துவிட்டது. இதுவும் வேண்டாம் என்றால் வேண்டாம், எந்த அடி என்று மட்டும் சொல்லு. ஒன்பதாவதும் எழுதித் தர்றேன்.