எல்லாவற்றுக்கும் ஒரே முன்னுரையா?

ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தித் திருத்தி மனதில் ஊறிக் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன். சக ஆசிரியர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். நம் மலையகப் பாடசாலைகளில் எழுத்து என்றால் முன்னுரை, உள்ளடக்கம், முடிவுரை, அவ்வளவுதான். கட்டுரைக்குத் தைத்த சட்டையையே கடிதத்துக்கும் கதைக்கும் அறிக்கைக்கும் மாட்டிவிடுகிறோம். தரம் 5 புலமைப்பரிசிலுக்கு 'எனது பாடசாலை'யை மனப்பாடம் செய்யும்போதே இது தொடங்கிவிடுகிறது. புள்ளி கிடைத்துவிடுவதால் யாரும் ஏன் என்று கேட்பதுமில்லை.

பிரதேச சபைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். விஷயத்தைப் பிள்ளைகளே எடுத்தார்கள்: லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வரும் தண்ணீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது. முகவரி, திகதி, 'ஐயா', கீழே கோடிட்ட தலைப்பு எல்லாம் கச்சிதம். அப்புறம் பார்த்தால் ஆதி மனிதன் ஆற்றங்கரையில் குடியேறுகிறான்! நாகரிகம் வளர்ந்து, காடழிந்து, மூன்றாவது பந்தியில்தான் நம் குழாய் வருகிறது. அதிலும் தோட்டத்தின் எந்த டிவிஷன், எந்த லயத்துக்குப் பின்னால், எத்தனை குடும்பம், எப்போதிருந்து என்று ஒன்றும் இல்லை. 'ஆவன செய்யுமாறு பணிவன்புடன்' என்று முடிகிறது. தலைவர் எந்த மலையில் போய்க் குழாயைத் தேடுவார்?

அந்தக் கடிதத்தையே வாக்கியம் வாக்கியமாக வெட்டி மேசையில் பரப்பினோம். இதை வாசிக்கிறவருக்கு முதலில் எது தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டேன். குழாய் உடைந்த இடம் மேலே ஏறியது. எப்போதிருந்து என்பது அதற்கடியில். எத்தனை குடும்பம் என்ற வரியே இல்லாததால் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். ஆதி மனிதனை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் இழுபறி. "அவரக் கட்டுரைக்கு வச்சுக்குவோம் சேர்" என்றாள் ஒருத்தி. அமைப்பைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க இருந்ததில் பாதி அதிலேயே முடிந்தது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் இதே கூத்துதான். கொழும்பில் கடை வேலைக்கு எழுதுகிற பையன் 'நான் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன்' என்று ஆரம்பிக்கிறான். முதலாளி தேடுவது வயது, ஓ/எல் பெறுபேறு, தொலைபேசி இலக்கம். அவை கடைசியில் கிடக்கும், சிலவேளை கிடக்காமலும் போகும்.

அறிக்கையை லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது நமக்கு மறக்காது. நம் பிள்ளைகள் அப்படிப்பட்ட மலைகளின் அடியில்தான் வாழ்கிறார்கள். நாளைக்கு ஒருவன் வீட்டுக்குப் பின்னால் நிலம் வெடித்திருப்பதைக் கிராம உத்தியோகத்தருக்கு எழுத நேர்ந்தால், 'இயற்கை அன்னை' என்று தொடங்கக் கூடாது. எங்கே, என்றைக்குக் கண்டோம், வெடிப்பு எவ்வளவு நீளம், மழைக்குப் பின் அகலமானதா, கீழே எத்தனை வீடு. இந்த வரிசை கைப்பழக்கமாக வேண்டும்.

விவாதக் கட்டுரைக்கு வேறு வழி இருக்கிறது. 'கைத்தொலைபேசி நன்மையா தீமையா' என்று கொடுத்தால் இரண்டும் உண்டு என்று நழுவிவிடுவார்கள். அதே பிள்ளைகள் பட்டிமன்றத்தில் 'எதிரணி நண்பர் சொன்னார்' என்று பிடித்துக்கொண்டு விளாசுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாதத்தைத் தாளில் வரிசைப்படுத்தச் சொன்னாலே போதும், எதிர்த்தரப்பைச் சொல்லி மறுக்கும் பந்தி தானாக வந்து உட்காரும். கதைக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீதியை முதல் வரியிலேயே போட்டு உடைக்காதே.

பரீட்சைக்கு முன்னுரை வேண்டுமே என்பார்கள். வேண்டும்தான், கட்டுரைக்கு. பாடத்திட்டத்திலேயே கடிதமும் சுருக்கமும் தனித்தனியாகத்தானே இருக்கின்றன? நாம்தான் எல்லாவற்றையும் ஒரே குறிப்புச் சட்டகத்தில் அடைக்கிறோம். அடுத்த தவணைக்குத் தோட்டக் கோயில் திருவிழாவின் வரவு செலவு அறிக்கையைப் பிள்ளைகளை எழுதவைக்கலாம் என்றிருக்கிறேன். கோயில் கமிட்டி கணக்கைத் தந்தால்.